நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

அந்த வீட்டின் பெரிய அறையில்தான் நாட்டின் விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தானது. வீடு இப்போது அரசு நினைவில்லம். மேஜை, நாற்காலிகள், மைக்கூடு எல்லாம் அன்று இருந்தபடியே இருக்கின்றன. எதிர்ச்சுவரில் அந்த நிமிடத்தைக் காட்டும் ஆளுயர ஓவியம். அதில் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் மாமியாரின் அப்பா. பள்ளிப் பாடப்புத்தகத்திலும் அந்தப் படம் உண்டு. தன் வீட்டுக்கு வருகிற எவருக்கும் மாமியார் அதைக் காட்டாமல் விட்டதில்லை.

மருமகளுக்குப் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் வேலை. இந்த ஓவியம் அவள் கைக்கு வந்தபோது மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. இன்று மருமகளே கூப்பிட்டனுப்பியதும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இத்தனூண்டு பஞ்சை வச்சுக்கிட்டு இவ்ளோ பெரிய படத்தைத் துடைக்கறியேம்மா! நீ முடிக்கறதுக்குள்ள என் பேத்திக்குப் பேத்தி பொறந்துடும்."

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உட்காருங்க அத்தை."

"என்னம்மா, டாக்டர் மாதிரி பேசற?"

ஓவியத்தின் மேல் பூசும் வார்னிஷ் காலப்போக்கில் பழுப்பேறிவிடும். மருந்தில் நனைத்த பஞ்சால் அந்தப் பழுப்பை மட்டும் எடுக்க வேண்டும். மற்ற முகங்களில் அது மட்டும்தான் வந்தது. மாமியாரின் அப்பா முகத்திலோ தோல் நிறமும் சேர்ந்து வந்தது. அந்த முகம் பழைய வார்னிஷுக்கு மேல் பின்னாளில் வரையப்பட்டது. மருமகள் பதறி நிறுத்துவதற்குள் நெற்றியும் ஒரு கண்ணும் வேறு யாருடையவையோ ஆகிவிட்டிருந்தன. அதை மாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ எங்கப்பா அன்னிக்கு இங்க இல்லையா?"

"அடியில இன்னொருத்தர் இருக்காரு அத்தை. குடும்பம் சம்மதிச்சா மேல இருக்கறதை எடுக்கலாம், இல்லேன்னா பழையபடி மூடிடலாம்னு அதிகாரி சொல்லிட்டாரு. உங்க வார்த்தைதான்."

மாமியார் எழுந்து ஓவியத்தை நெருங்கினாள். புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு தெரிந்தது.

"பெரியப்பா," என்றாள். "அப்பாவோட அண்ணன். தலைவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டாரு. துரோகின்னு நாடு கடத்திட்டாங்க. வீட்ல அவர் பேச்சையே எடுக்கக் கூடாது. என்னைத் தோள்ல தூக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்தினவரு."

"உங்கப்பாவுக்குத் தெரியாம இப்படி மாத்தியிருப்பாங்களோ?"

"தெரியாம எப்படிம்மா? வரையறவர் முன்னாடி முகத்தைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு இல்ல?"

வெளியே பார்வையாளர்களின் காலடிச் சத்தம் கேட்டு அடங்கியது.

"மூடிடட்டுமா அத்தை? வெளியில யாருக்கும் தெரியாது."

"அப்பா சாகற வரைக்கும் இந்த வீட்டுல காலெடுத்து வைக்கலை. நாங்க எவ்ளோ கூப்பிட்டும் வரலை. பெருமை பிடிக்காத மனுஷன்னு நினைச்சோம்." மாமியார் மூச்சை இழுத்து விட்டாள். "எடுத்துடும்மா."

மருமகள் முதலில் அந்த முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு பஞ்சை நனைத்தாள். கன்னம் போயிற்று, மூக்கு போயிற்று. உட்காரச் சொன்னதற்கு மாமியார் மாட்டேன் என்றுவிட்டாள். வாயும் மோவாயும் மட்டும் மிஞ்சியபோது, "கொஞ்சம் இரு" என்றாள்.

மருமகள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா கெட்டவர் இல்லம்மா."

"தெரியும் அத்தை."

"பயந்துட்டாரு. நாங்க சின்னப் பசங்க, எங்களை வச்சுக்கிட்டுப் பயந்துட்டாரு."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றாள்.

மருமகள் புதுப் பஞ்சை எடுத்தாள்.