காயாத எட்டு

எங்கள் வீட்டில் ஏழு வயது ஒன்றுதான் இருக்கிறது. ஆறும் ஒன்று, ஐந்தும் ஒன்று. மூத்தவளுக்கு மட்டும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புது வயது வரும். அவள் ஒரு வருஷம் போட்டுவிட்டுக் கழற்றிக் கொடுப்பாள். நான் அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து பீரோவில் வைப்பேன். அடுத்த குழந்தைக்கு முறை வரும்போது எடுத்துக் கொடுப்பேன். நான்கு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆளுக்கொன்று புதிதாக வேண்டும் என்றால் கட்டுப்படியாகாது.

மூத்தவள் நறுமுகைக்கு இப்போது பதினொன்று. அடுத்தவன் அகரன் ஏழில் இருக்கிறான். அவனுக்குக் கீழே வெண்பா, ஆறில். கடைக்குட்டி முகில் ஐந்தில்.

பள்ளிக்கூடத்தில் பழைய வயதை எடுத்துக்கொள்வதில்லை. அகரனைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை அவன் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட அஞ்சு?"

"அவங்கக்காவுதுங்க."

"ஓரமெல்லாம் சேறா இருக்குதே?"

"அவ மழையில விளையாடுவாளுங்க. எவ்வளவு அலசினாலும் அது மட்டும் போறதில்லீங்க."

"புதுசு எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்."

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. திரும்பும் வழியில் சாக்பீஸ் வாங்கினேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் எங்கள் சமையலறையில் நடக்கிறது. நறுமுகையின் வயதுகள் எல்லாம் புதியவைதான், அவளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். தம்பி போகாத இடத்துக்கு நான் மட்டும் எதற்கு என்று அவளும் இருந்துவிட்டாள். கரண்டிக் காம்பால் கரும்பலகையைத் தட்டிக்கொண்டே பருப்பைக் கிளறுவேன். உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டும் என்பதால் நான் உட்காருவதில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஏன் நிற்கிறாய் என்று எதிர்வீட்டு பாக்கியம் அக்கா கேட்பார். முதுகு வலிக்கிறது, அதனால் நிற்கிறேன் என்பேன். என் முப்பத்து நான்கு என் அக்கா போட்டுவிட்டுக் கொடுத்தது. அவள் முதுகுவலி அதிலேயே தங்கிவிட்டது.

ஒரு வயதைப் போட்டவர்கள் எதையாவது அதில் விட்டுத்தான் போவார்கள். நறுமுகை நான்கில் 'பம்பரம்' என்று சொல்லத் திக்கினாள். பின்னால் வந்த மூன்று பேரும் நான்கில் அதே சொல்லில் திக்கினார்கள். ஐந்துக்குப் போனதும் சரியாகிவிட்டது. இதற்கெல்லாம் நான் கவலைப்படுகிறவள் இல்லை.

கவலையெல்லாம் ஏழைப் பற்றித்தான். அகரன் அதைக் கழற்றமாட்டேன் என்கிறான். இரண்டு பிறந்தநாள் வந்து போய்விட்டது. கேசரி கிண்டினேன், ஆரத்தி எடுத்தேன். கேசரியைத் தின்றுவிட்டு ஏழோடு போய்ப் படுத்துக்கொண்டான். அவன் விட்டால்தானே வெண்பாவுக்கு ஏழு, அவள் விட்டால்தானே முகிலுக்கு ஆறு? வெண்பாவின் முன்பல் ஒன்று போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஆட ஆரம்பித்தது. விழவில்லை. பல் விழுவது எங்கள் வீட்டில் ஏழில்தான் இருக்கிறது. பாடம் படிக்கும்போது நாக்கால் அதைத் தள்ளித் தள்ளி ஆட்டுவாள். பார்த்துப் பார்த்து எனக்கே பல் கூசும். முகிலுக்கு ஐந்தாம் வயதுப் பாட்டுகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். உண்மையாகவே கடைசி வரியிலிருந்து மேலே பாடுவான், வேறு வேலை இல்லாமல். அகரனுக்கோ கடன் வாங்கிக் கழிப்பது தூக்கத்தில்கூட வரும். பெருக்கல் எட்டில் இருப்பதால் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியவில்லை.

வயது என்பது வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி அலசினால்தான் உழைக்கும். கழற்றாமல் போட்டால் இற்றுப்போகும். அகரன் தூங்கும்போது விளக்கு மாதிரி கைபேசியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முழங்கைப் பக்கம் இழை இழையாகத் தெரிந்தது. பாக்கியம் அக்கா வீட்டில் ஒன்பதை எலி கடித்துவிட்டது. அவர் மகன் தினகரன் எட்டிலிருந்து நேராகப் பத்துக்குத் தாண்டினான். இப்போது கல்லூரி முடித்துவிட்டான், நல்ல பிள்ளைதான். ஆனால் விசில் அடிக்க வராது, யாராவது கதை சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவான். ஏழு கிழிந்துவிட்டால் வெண்பா கல்யாணப் பந்தியிலும் அந்தப் பல்லை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஏழில்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நறுமுகைக்கு ஏழு நடந்த வருஷம் ஆர்டர் இல்லாமல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் அந்த வருஷம் முழுக்க வீட்டில் இருந்தார். மகளுக்கு சைக்கிள் பழக்கினார், தலை பின்னிவிட்டார், கோணல் வகிடுதான் எடுப்பார். அடுத்த வருஷம் லூதியானாவில் வேலை கிடைத்துப் போனார். மூன்று வருஷமாகிறது. தீபாவளிக்கு வருவார், ரயில் அலுப்பில் தூங்குவார், திரும்பிப் போவார். வீட்டில் இருக்கிற அப்பா என்பது அந்த ஒரு ஏழில்தான் மிச்சம். அகரன் அதை விடாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் வெண்பாவுக்கும் முகிலுக்கும் அதில் பாத்தியதை இல்லையா?

"ஏஞ் சாமி, அப்பாவை அவங்களும் பாக்கோணுமல்ல?" என்று கேட்டேன்.

"பாக்கட்டும். எட்டு காயட்டும், கழட்டறேன்."

அவன் சொன்னது நியாயம்தான். அவனுடைய எட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அவர் ஊருக்குப் போன வருஷம் நறுமுகை போட்டிருந்த எட்டு அது. கழற்றிக் கொடுத்தபோது பிழிந்தேன், பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். சித்திரை வெயிலிலும் காயவில்லை. பாக்கியம் அக்கா இஸ்திரி போடச் சொன்னார். போட்டேன். ரயில்வே ஸ்டேஷன் வாசனையோடு ஆவி வந்தது, ஈரம் போகவில்லை. அகரன் ஒருமுறை அதில் ஒரு கையை மட்டும் நுழைத்துப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டே எடுத்துவிட்டான்.

ஐப்பசி அடைமழையில் காயாத பாவாடையை நாங்கள் உடம்பிலேயே போட்டுக் காயவைத்தவர்கள். கொடியில் காயாதது உடம்புச் சூட்டில் காயும். இது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. புத்தி வருவதற்கும் முறை வர வேண்டும் போலிருக்கிறது.

என் முப்பத்து நான்கைக் கழற்றி சமையலறை ஆணியில் மாட்டினேன். நறுமுகையைக் கூப்பிட்டேன்.

"பாடத்தை நீ எடுத்துக்க கண்ணு. சோறு பாக்கியம் அக்கா வீட்டுல வரும். இது காயற வரைக்கும் நான் போட்டுக்கறேன்."

அவள் எட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பைக் சத்தம் கேட்டா அப்பாதான்னு தோணும், காதைப் பொத்திக்குங்கம்மா. நான் அப்படித்தான் பண்ணுவேன்" என்றாள்.

போட்டேன். முதுகோடு சில்லென்று ஒட்டியது. ஊறுகாய் ஜாடி இருந்த தட்டு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வாசலில் ஒரு பைக் போனது. நான் ஓடிப்போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைக் தெருமுனையில் திரும்பியது, வேறு யாரோ. உள்ளே வந்தேன். இன்னொரு பைக். மறுபடி ஓடினேன். எங்கள் தெருவில் இவ்வளவு பைக்குகள் போகின்றன என்று எனக்குத் தெரியாது. காதைப் பொத்தினேன், அப்போதும் கால் நிற்கவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை கேட்டுக்கு ஓட முடியுமோ அத்தனை முறை ஓடினேன். இரவில் தலையணைக்குள் அழுதேன், சத்தம் வராமல். அந்தச் சத்தம் வராத அழுகையும் எட்டிலேயே தயாராக இருந்தது. இவ்வளவையும் இந்தச் சின்ன வயதுக்குள் வைத்துக்கொண்டு என் மகள் ஒரு வருஷம் சாப்பிட்டு, படித்து, தம்பியைத் தூக்கி வைத்திருந்திருக்கிறாள்.

காலையில் நறுமுகை கரும்பலகையின் முன் நின்று பெருக்கல் நடத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து படித்தேன். எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறியபோது அவள் திட்டவில்லை. பாடம் முடிந்ததும் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். வகிடு கோணலாக வந்தது.

"இப்பவும் ஈரமா இருக்குதாம்மா?"

"கழுத்துக்கிட்ட மட்டும் இருக்குது."

"அங்கதான் அதிகமா இருக்கும்" என்று சொல்லி, தன் உள்ளங்கையை என் கழுத்தில் வைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் எதுவும் இல்லை.

ஒரு காலையில் பைக் சத்தம் கேட்டது. அது பைக் சத்தமாக மட்டும் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கழற்றி அகரனிடம் கொடுத்தேன். அவன் முதலில் ஒரு கையை நுழைத்தான், போன முறை மாதிரியே.

"சூடா இருக்குதும்மா."

"ஆமா சாமி. இப்பத்தான் கழட்டினேன்."

அவன் திரும்பிக்கொண்டு ஏழின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் பொத்தானில் கொஞ்சம் நின்றான். முதுகைப் பார்த்தே அழுகிறான் என்று தெரிந்தது. கழற்றி, என் கையில் தராமல், நேராக வெண்பாவிடம் கொடுத்தான். "முழங்கைப் பக்கம் பாத்து" என்றான். பிறகு எட்டைப் போட்டுக்கொண்டு கரும்பலகைக்குப் போய் பெருக்கல் போட ஆரம்பித்தான். முதல் கணக்கு தப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முழங்கையில் இரட்டை நூலால் தைத்துக் கொடுத்தேன். வெண்பா ஏழைப் போட்டுக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்தாள், பல் கையோடு வந்துவிட்டது. சாணி உருண்டைக்குள் வைத்து அவளே கூரைமேல் எறிந்தாள். முதல் வீச்சிலேயே நின்றது. ஆறை அலசி முகிலுக்காகக் கொடியில் போட்டேன். அது நல்ல சாதுவான ஆறு, அரை மணியில் காய்ந்துவிடும்.

வெண்பா அக்காவின் சைக்கிளை முற்றத்தில் எடுத்தாள். வளைந்து வளைந்து ஓட்டினாள். "விட்றாதீங்கப்பா, விட்றாதீங்க" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். பின்னால் யாரும் இல்லை. சைக்கிள் விழவில்லை. ஒரு சுற்று வந்ததும் இறங்கி, தலையைக் காட்டினாள். வகிடு கோணலாக இருந்தது.

எனக்கு உடம்பில் ஒரு வயதும் இல்லாமல் குளிர ஆரம்பித்தது. முப்பத்து நான்கை எடுக்க சமையலறைக்குப் போனேன். ஆணி காலியாக இருந்தது.

முகில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு எதிரே நின்றிருந்தான். கைகளை மடித்துவிட்டிருந்தான். ஒரு கையில் தோசைத் திருப்பி, தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி.

"ஏனுங்க, அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கட்டிங் வேலை இங்கியும் கிடைக்கும். கம்மியா வந்தா கம்மியா தின்னுக்கலாம். தனியா என்னால முடியலீங்க. பைக் சத்தம் கேட்டா எனக்கும்தான் மனசு வாசலுக்கு ஓடுது. வந்துருங்க."

அந்த வார்த்தைகள் முப்பத்து நான்கின் உள்பையில் இருந்தன. மூன்று வருஷமாக ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்கு மாற்றி மாற்றி நான்தான் போட்டு வைத்திருந்தேன், ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கூப்பிடும்போது எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிடுவேன். முகில் பைக்குள் கைவிட்டதும் கிடைத்திருக்கிறது.

அப்புறம் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சேரி அம்மிணி. வர்றேன்."

முகில் கைபேசியை வைத்தான். இடுப்பில் கை ஊன்றி, முதுகை ஒருமுறை பின்னால் வளைத்துக்கொண்டான். தோசையைத் திருப்பிப் போட்டான்.

கட்டிலின் மேல் ஐந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் சேறு. எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதுகு வலிக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வா கண்ணு, தோசை ஆறிப்போகுது" என்றான் முகில்.

குழாய் எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, ஏறி, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.