கையில் போகும் செருப்பு

எங்கள் வீட்டு கேட் பக்கம் வந்ததும் அந்தப் பெண் குனிந்து செருப்பைக் கழற்றினாள். கையில் தூக்கிக்கொண்டு, வீட்டைத் தாண்டும் வரை வெறுங்காலோடு நடந்தாள். வாசலில் மல்லி காயப் போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

வராதா பின்னே? அவள் யோகப்பிரியா, எங்கள் தென்னந்தோப்பில் வேலை செய்யும் ராசம்மாளின் மகள். போன வருஷம் காலில் வேலமுள் ஏறிச் சீழ் வைத்து, பரீட்சை எழுதாமல் கிடந்தாள். அதைக் கேட்டபிறகுதான், சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்த ஜூனில் செருப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு ஒரு டம்ளர் டீ கிடைத்தது. போகட்டும். காலில் போடத்தானே கொடுத்தது?

ராசம்மாள் மட்டை வாங்கக் கொல்லைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். "அளவு பத்துலியா ராசம்மா? சொன்னா மாத்திக் குடுக்கறனே. கையில தூக்கிட்டுப் போறதுக்கா வாங்கினது?"

"அளவெல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது பண்ணாடிச்சி. பண்ணாடி ஊட்டு முன்னால எப்படிங்க போட்டுட்டுப் போறது? நாந்தான் கழட்டிக்கச் சொன்னனுங்க."

எந்தக் காலத்தில் இருக்கிறோம்! "நாஞ் சொல்றேன். போட்டுட்டுப் போகச் சொல்லு."

"நீங்க சொல்லிப்போடுவீங்க. பண்ணாடி ஒண்ணுஞ் சொல்லலீங்களே. நாளைக்கு வேலைக்கு வராதேன்னுட்டா நான் எங்கீங்க போவேன்?"

மத்தியானம் அந்தப் பண்ணாடியிடமே, என் வீட்டுக்காரரிடம், கேட்டேன்.

"நானா கழட்டச் சொன்னேன்? அவுங்களாக் கழட்டறாங்க."

"அப்பப் போட்டுக்கச் சொல்லுங்க."

"மருதாத்தா, சோத்தைப் போடு."

அவ்வளவுதான். கெட்ட மனிதர் இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் அவருக்கு அத்தனை கஞ்சத்தனம்.

மறுநாள் காலையில் கேட்டிலேயே போய் நின்றுகொண்டேன். அவர் முன்வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யோகப்பிரியா வந்தாள், குனிந்தாள்.

"கழட்டாத கண்ணு. போட்டுட்டே போ."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் நாற்காலியைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, இவ போட்டுட்டுப் போனா உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

பேப்பரை மடித்தார். எழுந்தார். ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அவள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றாமலே நடந்தாள். காம்பவுண்டுச் சுவர் தாண்டியதும் ஒரே ஓட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

ராசம்மாளிடம் உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது. தோப்புக்கு எப்போதும் கொல்லைப்புறமாகத்தான் போவேன். அன்று கேட்டில் நின்ற கையோடு ரோட்டு வழியாகவே போனேன். தோப்புக் கம்பிவேலிக்கு வெளியே, புளியமரத்தடியில் பெண்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வேலிக்கு உள்ளே எல்லாரும் வெறுங்காலோடு காய்ந்த மட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ராசம்மாள் ஓடி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "என்னங்க பண்ணாடிச்சி, பண்ணாடி புள்ளைய ஏதாச்சும் சொல்லிப்போட்டாருங்களா?"

"இல்ல ராசம்மா" என்றேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் அத்தனை செருப்புகளுக்கு நடுவே, காலில் செருப்போடு நான் நின்றுகொண்டிருந்தேன்.