ரொம்ப சந்தோஷம், உள்ள போய் உட்காருங்க

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. போதகரின் இளைய மகள் கையில் பாட்டுத்தாள் கட்டோடு சபை வாசலில் நின்றுகொண்டு, வயிறு வலிக்கிறதா என்று உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கெல்லாம் தவறாமல் வரும் வலி இன்று பார்த்துக் காலை வாரிவிட்டது.

அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் பெயர் தபால்பெட்டி. வைத்தது அக்கா. "போடுறதையெல்லாம் உள்ள வாங்கிக்குவா, வாயத் திறந்து ஒண்ணு திருப்பித் தரமாட்டா" என்று விளக்கமும் கொடுத்திருந்தாள். அக்காவுக்கு வாய் ஓயாது. வருபவர்களை வரவேற்று இந்த வாசலில் அவள் நின்ற ஐந்து வருடத்தில் சபையாரின் மூட்டுவலி, பிள்ளைகளின் மதிப்பெண், நாய்க்குட்டிகளின் பெயர் எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன. போன மாதம் அவள் நர்சிங் படிக்க வேறு ஊருக்குப் போனாள். வாசல் காலியாயிற்று. அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மிச்சம் இருந்தது தபால்பெட்டி மட்டும்தான்.

"என்னால முடியாதும்மா. எனக்குப் பேச வராது."

"வாய் திக்குதுன்னு சொன்னவரத்தான் ஆண்டவர் ராஜாகிட்டயே பேச அனுப்புனாரு."

போதகர் வீட்டில் பிறந்ததில் இது ஒரு தொல்லை. எந்த மூலைக்குத் தப்பி ஓடினாலும் வேதத்திலிருந்து யாராவது ஒருவர் முன்னாலேயே அங்கே போய் நின்றுகொண்டிருப்பார். 'அவருக்குப் பக்கத்துல பேசறதுக்கு அண்ணன் இருந்தாரே, எனக்கு இருந்த அக்காவத்தான் அனுப்பிட்டீங்களே' என்று ஒரு நல்ல பதில் இருந்தது. ஆனால் அது பத்து நிமிடம் கழித்துக் குளியலறையில்தான் அவளுக்குத் தோன்றியது. அவளுடைய நல்ல பதில்கள் எல்லாமே குளியலறையில் பிறந்தவை.

ஆகவே மூன்று வரி எழுதி, கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் மனப்பாடம் செய்தாள். ஸ்தோத்திரம். நல்லா இருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம், உள்ள போய் உட்காருங்க. மூன்றாவது வரியில் தாளை நீட்ட வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

பதினொரு பேர் பழுதில்லாமல் உள்ளே போனார்கள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவுதானா விஷயம் என்று தோள் கொஞ்சம் தளர்ந்தது. பன்னிரண்டாவதாகத் தையல்காரர் வந்தார். எப்போதும் மனைவியோடு வந்து ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உட்காருபவர், இன்று தனியாக வந்தார்.

"ஸ்தோத்திரம் அங்கிள். நல்லா இருக்கீங்களா?"

அவர் நின்றார். மற்றவர்களைப் போல "இருக்கேன்மா" என்று நடந்துகொண்டே சொல்லவில்லை. "ஆண்ட்டி வழுக்கி விழுந்துட்டாங்கம்மா. இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம், உள்ள போய் உட்காருங்க" என்று தாளை நீட்டிப் பல் தெரியச் சிரித்தாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய புத்தி, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அதற்குள் பின்னால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று நின்றுவிட்டது. அவர்களிடம் அவள் "நல்லா உட்காருங்க, ஸ்தோத்திரமா இருக்கீங்களா" என்றாள்.

அன்று அப்பா வேறொரு சபைக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தார். மாலையில் வந்து, "இன்னைக்கு எல்லாம் சுகமா நடந்துச்சா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். தையல்காரர் மனைவியைப் பற்றிச் சொன்னால், அதற்கு நீ என்ன சொன்னாய் என்ற கேள்வி வரும். அந்த வழிக்கே போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஜன்னலோர இடம் காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. பாடகர் குழுவின் அங்கியை வேறு கடையில் தைக்கக் கொடுத்ததில் மனஸ்தாபம் என்றார் ஒருவர். புது ஒலிபெருக்கி காதைக் குடைகிறதாம் என்றார் இன்னொருவர். அப்பா போன் செய்தபோது தையல்காரர், "வேலை ஜாஸ்தி பாஸ்டர்" என்று சொல்லி வைத்துவிட்டார். தன் பிரசங்கத்தில்தான் ஏதோ குத்திவிட்டது என்று நினைத்து, அப்பா பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து வரி வரியாகப் படித்தார். எதிரே உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த மகளை அவர் கவனிக்கவில்லை.

அவள் ஜெபித்தாள். ஆண்டவரே, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று நீரே அவருக்குச் சொல்லிவிடும் என்று தினமும் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ஆண்டவரும் ஒரு தபால்பெட்டிதானோ என்று ஒரு கணம் தோன்ற, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவரிடம் மன்னிப்புக் கேட்பது மட்டும் அவளுக்குச் சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே.

புதன்கிழமை குடும்ப ஜெபத்தில் அப்பா வாசித்த பகுதி, காணிக்கையைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டு வா என்று சொல்லும் பகுதியாக அமைந்தது. அப்பா சாதாரணமாகத்தான் வாசித்தார். அவளுக்கு முதுகு வேர்த்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் தையல் கடைக்குப் போனாள். ஒரு மெஷினும் ஒரு மேசையும் போக மீதி இடம் முழுக்கத் துணி. தையல்காரர் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியிருந்தார். என்ன என்று புருவத்தால் கேட்டார்.

"அது வந்து அங்கிள்..."

"யூனிஃபார்மா?" என்றார் குண்டூசிகளின் இடுக்கு வழியாக.

"ஆமா" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"அளவுச் சட்டை?"

வீட்டுக்கு ஓடி ஒரு பழைய சட்டையை எடுத்து வந்தாள். அவர் அதை விரித்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு, "துணி எங்க?" என்றார். மறுபடி ஓடினாள். அம்மா கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வாங்கி வைத்த துணிதான் கையில் அகப்பட்டது. மூச்சு வாங்க அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தையல்காரர் பிரித்தார். சூரியகாந்திப் பூக்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"இதுலயா யூனிஃபார்ம்?"

"யூனிஃபார்ம் இல்ல அங்கிள், மன்னிப்பு" என்றாள். பிறகு அவளுக்குள் எதுவோ உடைத்துக்கொண்டு கிளம்பியது. "அன்னைக்கு நீங்க ஆண்ட்டி விழுந்துட்டாங்கன்னு சொன்னீங்க, நான் ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டேன், எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல அங்கிள், நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததே மூணு வரிதான், நீங்க அதுல இல்லாததைச் சொல்லிட்டீங்க, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

மெஷின் நின்றிருந்தது. அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார்.

"கோபம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"உன் மேல அன்னைக்கு ஒருநாள்தான்மா. சின்னப் பொண்ணு, உளறிருச்சுன்னு விட்டுட்டேன். உள்ள போய் நாலு பேர்கிட்ட சொன்னேன். நாலு பேரும் ஜெபிச்சுக்கறோம்னு சொன்னாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு ஒருத்தரும் கேக்கல. உங்கப்பாகிட்ட யாராச்சும் சொல்லுவாங்கன்னு இருந்தேன். பாஸ்டர் போன் பண்ணி, ஏன் சபைக்கு வரலைன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு மனசு விட்டுப்போச்சு."

அப்பாவுக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு நாளாக இருந்தால் அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடியிருப்பாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ஆஸ்பத்திரி அங்கிள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் திரைச்சீலைத் துணியின் ஓரத்தில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கறது. ரெண்டாவது மாடி" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ரெண்டு வாரமாவா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே வண்டியை எடுத்தார். போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, "மன்னிப்பு நானும்தான் கேக்கணும். முதல்ல நீ போறியா, நான் போகட்டுமா?" என்றார். அவர் குரலில் இருந்த பயம் அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. அப்பாவுக்கும் அது வரும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

"நான் போறேன்பா."

தையல்காரர் மனைவி இவளைக் கண்டதும் தலையணையிலிருந்து நிமிரப் பார்த்தார். "நீதானா அது! சந்தோஷப் பொண்ணு!" என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வைக்காத. இது ஆபரேஷன் தையல், எங்க வீட்டுக்காரர் போட்டது இல்ல, நம்ப முடியாது."

அந்தக் கதை வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் கை உடைந்திருந்த பள்ளி ஆசிரியை, "எனக்கும் ஒரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னாள். எதிர்க் கட்டில்காரி, தன் இரண்டு காலும் உடைந்திருப்பதால் தனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்றாள். வார்டே சிரித்தது. யாரும் காயப்பட்டதாகத் தெரியவில்லை. முகம் சிவந்தாலும் இவளும் சிரித்துவிட்டாள். அப்பா தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிக் கட்டில்ல இருக்கறவங்களப் பாக்க இதுவரைக்கும் ஒருத்தரும் வரல" என்றார் தையல்காரர் மனைவி, குரலைத் தணித்து. "நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

அவள் நடந்து போனாள். போகும்போது ஒரு வரியாவது யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். கட்டில் வந்துவிட்டது, வரி வரவில்லை. அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாற்காலி இல்லை. இவள் கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா கழுத்தை மட்டும் திருப்பி இவளைப் பார்த்தார். பிறகு போர்வைக்குள் மெல்லக் கால்களை மடக்கி, இவள் உட்கார இடம் விட்டார்.