மச்சக்காரர்

கண்ணுகளா, ஒரு எலக்ட்ரீஷியனுக்கு முதுகில் ஒரு மச்சம். கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி அவரை 'மச்சக்காரரே' என்றுதான் கூப்பிடுவாள். "நான் கிடைச்சதே அந்த மச்சத்தாலதான்" என்று சீண்டுவாள்.

பல வருஷம் கழித்து அந்த மச்சம் கறுத்துப் பரந்து, ஓரம் கலைந்துபோனது. சோதித்துப் பார்த்த டாக்டர் புற்றுநோய் என்றார்.

"செல்லுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. வளரச் சொல்லும், போதும்னா அணைஞ்சிடும். உங்களுக்கு அது அணையாம ஒட்டிக்கிச்சு. அதான் தோலைத் தாண்டி உள்ள இறங்கிடுச்சு."

"அதை அணைக்க மாத்திரை இருக்கா, டாக்டர்?"

"இருக்கு. கேக்குற வரைக்கும் கேக்கும்."

கேட்டது. கட்டிகள் சுருங்கின, அவர் மறுபடி ஏணி ஏறினார். மனைவிக்குப் போன உயிர் திரும்பியது. சில மாதங்களில் அக்குளில் புதுக் கட்டி தட்டுப்பட்டது.

"ஒருவேளைகூட மாத்திரையை விடலியே" என்று அழுதாள்.

"உங்க மேலயும் தப்பில்ல, மாத்திரை மேலயும் தப்பில்லம்மா. அந்த சுவிட்சை அடைச்சதும், கரண்ட் வேற ஒயர்ல சுத்தி வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

அதன்பின் அவள் வெறும் 'என்னங்க' என்றே கூப்பிட்டாள். பழைய பெயர் வாயில் வரவில்லை. படுத்த படுக்கையானவர் ஒரு மதியம் கேட்டார்.

"என் பேரை எங்க தொலைச்சே?"

"அந்த மச்சத்தாலதானே இவ்வளவும்..."

"நீ கிடைச்சதும் அதாலதான்னு சொன்னியே. அது பொய்யா?"

அவள் பாலை ஆற்றி ஸ்பூனில் எடுத்தாள்.

"வாயைத் திறங்க, மச்சக்காரரே."

அவர் திறந்தார்.