கையைத் தூக்கினால் நேராக நிற்கும் சிலுவை

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

என் அண்ணி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே வேண்டிய கத்தரியை அவர் கையில் வைத்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். இருபத்திரண்டு வருடம் அப்படி நின்றவர், போன வருடம் திடீரென்று கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் வைத்து எடுக்கும் அறைக்கு வேலையை மாற்றிக்கொண்டார். கேட்டதற்கு, "நிக்க முடியல, கால் வலிக்குது" என்றார். நாங்களும் நம்பினோம்.

எட்டு மாதம் கழித்து எங்கள் சபையில் ஒரு பஸ் பிடித்து, பழைய ஆலயம் ஒன்றைப் பார்க்க மூன்று நாள் பயணம் கிளம்பினார்கள். அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். ஆலயத்தில் எல்லோரும் முழங்காலிட்டுக் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். அண்ணி மட்டும் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக்கூட மூடாமல், யாரையோ முறைப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஜெபிக்கிறவர் அவர்தான்.

மறுநாள் காலை திரும்பும் வழியில், ஒரு சின்ன நகரத்தில் பஸ் டயர் பஞ்சர். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். டீ குடிக்கலாம் என்று நாங்கள் மூவரும் நடந்தோம். வழியில் ஒரு கண்ணாடிக் கதவின் முன் அண்ணி நின்றுவிட்டார். பச்சை குத்தும் கடை.

"கைல ஒரு சிலுவை குத்திக்கப் போறேன்" என்றார்.

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "இந்த வயசுலயா?" என்றார்.

"வேற எந்த வயசுல? இனிமே குமரி ஆகவா போறேன்?"

உள்ளே ஒரே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு கைகளிலும் தோள்வரை கொடியும் பறவையுமாக இருந்தது. அண்ணி உட்கார்ந்ததும் கடையே தியேட்டர் ஆகிவிட்டது.

"ஊசி புதுசா? என் முன்னாடி பிரிங்க. க்ளவுஸ் போட்டுட்டு போனைத் தொட்டுட்டீங்க. மாத்துங்க."

அந்தப் பெண் முறைக்கவில்லை. மறுபேச்சில்லாமல் கையுறையை மாற்றினாள். "இத்தனை வருஷத்துல என்னை இப்படி வேலை வாங்குன முதல் ஆள் நீங்கதான்" என்றாள். அவள் குரலில் மரியாதைதான் இருந்தது.

மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, அரை விரல் நீளத்தில், அலங்காரம் எதுவும் இல்லாத சிலுவை. அச்சுத் தாளை வைத்துப் பார்த்த பெண், "சிலுவையோட தலை விரல் பக்கம் இருக்கணும்னு சொல்றீங்க. கையைத் தொங்கப் போட்டா பாக்கறவங்களுக்குத் தலைகீழாத் தெரியுமேக்கா" என்றாள்.

"பாக்கறவங்களுக்காக இல்லம்மா. தியேட்டருக்குக் கை கழுவிட்டு நாங்க கையை மேல தூக்கிப் பிடிப்போம். அப்ப அது நேரா நிக்கணும்."

"தியேட்டரா? நீதான் அங்க போறதில்லையே?" என்றார் அண்ணன்.

அண்ணி விளக்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"கால் வலின்னு சொன்னது பொய்ங்க. ஒரு பிரசவக் கேஸ். சின்னப் பொண்ணு. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கூடவே இருப்பீங்கல்ல சிஸ்டர்'னா. இருப்பேன்னேன். ரத்தம் நிக்கவே இல்ல. குழந்தை பிழைச்சுது, அவ போயிட்டா. நான் கூடவேதான் இருந்தேன். ஆண்டவர் இருந்தாரான்னுதான் தெரியல. அதுக்கப்புறம் உள்ள போகக் கால் வரல, ஜெபம் பண்ண வாயும் வரல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலடி. நேத்து அந்த ஆலயத்துல உக்காந்து அவரோட சண்டை போட்டேன். பதில் ஒண்ணும் வரல. ஆனா சண்டை போடறப்பதான் உறைச்சுது, இன்னும் அவர்கிட்டதான் பேசிட்டு இருக்கேன்னு. சிலுவைச் செயினைக் கழட்டி வெளிய வச்சுட்டுத்தான் தியேட்டருக்குள்ள போகணும். இதைக் கழட்டச் சொல்ல முடியாதுல்ல?"

அந்தப் பெண் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள். "முகத்தைத் தொடாதீங்க, க்ளவுஸ்!" என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மெஷின் ஓடத் தொடங்கியது. நான் தையல் வேலை செய்கிறவள். ஊசியின் சத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அது தோலில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணி கையை அசைக்கவே இல்லை. தைரியம் சொல்ல அவரது மறுகையைப் பிடித்திருந்த அண்ணன்தான் வெளிறிப்போய்ச் சுவரோடு சரிந்தார். வெல்டிங் பட்டறையில் தினம் நெருப்போடு நிற்கிற மனிதர்! அண்ணி நாற்காலியில் இருந்தபடியே, "காலைத் தூக்கி ஸ்டூல் மேல வை, சட்டை பட்டனைத் தளர்த்து" என்று எனக்கு உத்தரவு போட்டார். குத்தி முடித்ததும் அந்தப் பெண் அண்ணனுக்குத்தான் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

பஸ்ஸில் சபைச் செயலாளர் அண்ணி கையில் இருந்த கட்டைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு முகம் சுளித்தார். "விசுவாசிங்க உடம்புல இப்படிக் கோடு போட்டுக்கலாமா சிஸ்டர்?"

"ஐயா, உங்க வயித்துலயும் ஒரு கோடு இருக்கு. அந்த ஆபரேஷன்ல கூட நின்னது நான்தான். அதை அழிச்சுட்டு வாங்க, இதையும் அழிச்சிடறேன்."

பஸ் அதிர்ந்தது. செயலாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புண் ஆறும்வரை அண்ணி பொறுத்திருந்தார். தோல் நன்றாகக் கூடிய பிறகு, தானே மேட்ரனிடம் போய், தியேட்டருக்குத் திரும்பக் கேட்டார். முதல் நாள் அண்ணன் பட்டறையைத் திறக்கவில்லை. எனக்கு நாலு தடவை போன் செய்தார். கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப்போல் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அண்ணி வந்தார். செருப்பை விட்டார், பையை ஆணியில் மாட்டினார்.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணன்.

"ரெண்டு கேஸ். ஒண்ணு குடல்வால். இன்னொண்ணு பிரசவம்."

அண்ணன் எழுந்துவிட்டார்.

"தாயும் நல்லா இருக்கா, பிள்ளையும் நல்லா இருக்கு" என்ற அண்ணி, அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேர் வீட்டுல இருந்தும் ஒருத்தரும் சமைக்கலையா?"

உண்மைதான், யாரும் சமைக்கவில்லை. அண்ணன் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார்.