அழகான பயோடேட்டா

நூற்றுப் பதினேழாவது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அழுவதற்கு இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் கிடைத்தது வசதியாகத்தான் இருந்தது. குழாய் இணைப்புகள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவள். தொழிற்சாலையை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இயந்திரங்களை மறக்காமல் எடுத்துப்போனார்கள், ஆட்களை விட்டுவிட்டார்கள். அதற்கு ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் வீட்டைப் பெருக்கி முடித்ததும் கைப்பேசியோடு ஜன்னலோரம் உட்காருவாள். வேலை தேடித் தரும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பயோடேட்டாவை ஏற்றி அனுப்புவாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று அடுத்த நொடியே மின்னஞ்சல் வரும். அது இயந்திரம் அனுப்புவது என்பது அவளுக்கும் தெரியும். வேலை இல்லை என்று சொல்லக்கூட ஒரு மனிதர் மெனக்கெடவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பயோடேட்டா லேசுப்பட்டதல்ல. அவள் கணவர் அச்சகத்தில் டிசைனர். அழைப்பிதழ், கடை விளம்பரம், ஹோட்டல் மெனு அட்டை என்று இருபது வருடமாக அடுத்தவர் விஷயங்களை அலங்கரித்தவர், முதல்முறையாகத் தன் மனைவியை அலங்கரிக்கக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்தார். இடப்பக்கம் இலைப்பச்சையில் ஒரு பட்டை, அதன் உச்சியில் வட்டத்துக்குள் அவள் சிரித்த முகம், திறமைகளுக்கு நட்சத்திரங்கள், நான்கு மூலைகளிலும் மெல்லிய கொடி. பிரேம் போட்டு மாட்டலாம். முதலில் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, இவ்வளவு பெரிய ஆளா நாம் என்று. மாதங்கள் போகப் போக வேறு மாதிரி தோன்றியது. கொடியில் குறையில்லை, பட்டையில் குறையில்லை. அப்படியானால் குறை வட்டத்துக்குள் சிரிக்கிற நாற்பத்து மூன்று வயதுக்காரியிடம்தானே இருக்க வேண்டும்?

அன்று பிற்பகலில் க்யூசி அக்கா கூப்பிட்டாள். அதே தொழிற்சாலையில் க்வாலிட்டி கன்ட்ரோலில் தரம் பார்த்தவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வயது ஐம்பது. பதினான்கு இடத்துக்குப் போட்டு, மூன்று இடத்தில் கூப்பிட்டு, ஒன்றில் சேர்ந்தும் விட்டாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டு முடிக்க இவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உன்னோடதை எனக்கு அனுப்புடி, பாப்போம்" என்றாள் அக்கா. அனுப்பியதை அக்கா திறந்து பார்த்தாள். பிறகு, "அடேயப்பா, மகாராணி மாதிரி இருக்க. சரி, அதுல உன் போன் நம்பர் இருக்குல்ல, அதை மட்டும் விரலால அழுத்திக் காப்பி பண்ணு."

அழுத்தினாள். எண்ணை அழுத்தினாலும் பெயரை அழுத்தினாலும் ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொடுவது போல இருந்தது.

"வரலக்கா."

"வராதுடி. அதுல எழுத்தே இல்ல, முழுக்கப் படம். இங்க ஆள் எடுக்கற பொண்ணு சொன்னா, வர்றதை எல்லாம் முதல்ல கம்ப்யூட்டர்தான் படிச்சுச் சலிக்குதாம். அதுக்கு உன் பேரு கூடத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அச்சுக்குப் போகும் எதையும் எழுத்தாகவே விட்டுவைக்க மாட்டார் அவர். போகிற இடத்துக் கணினியில் ஓர் எழுத்து மாறினாலும் ஆயிரம் அட்டை குப்பைக்குப் போகும் என்பதால், கடைசியில் எல்லா எழுத்தையும் கோட்டுப்படமாக மாற்றிவிடுவார். கை கழுவுவது போன்ற பழக்கம். இவள் பயோடேட்டாவுக்கும் அதையே செய்திருக்கிறார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் தன்னைப் பார்க்கவே இல்லை! ஏழு மாதத்தில் அவ்வளவு இதமான செய்தி அவள் காதில் விழுந்ததில்லை. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. அதுவும் போனபின் பயம் வந்தது. மாலையில் செருப்பைக் கழற்றும்போதே "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே வேறொன்று தட்டச்சு செய்து அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. பழையதில் இருந்தபடியே 'கடின உழைப்பாளி' என்று எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"என் பயோடேட்டால எழுத்தை எல்லாம் படமா மாத்தினீங்களா?"

"பின்ன, மாத்தாம விட்டா எழுத்து ஓடிடுமே" என்றவர், அவள் மீதியைச் சொல்லச் சொல்ல டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆனா ரொம்ப அழகா இருந்துச்சுங்க" என்றாள் அவள், நிஜமாகவே.

"என்ன அழகு. நூத்திப் பதினேழு தடவை உன் வாயைக் கட்டி அனுப்பியிருக்கேன்."

மடிக்கணினியைத் திறந்தார். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. வட்டம் போனது, நட்சத்திரம் போனது, பச்சைப் பட்டை போனது. "ஒரே ஒரு கோடு, மெலிசா?" என்று கேட்டார், கெஞ்சுகிற குரலில். "கூடாது" என்றாள். எல்லாம் போனபின் பார்த்தால் மிச்சம் அரைப் பக்கம்கூட இல்லை. அவர் மோவாயைத் தடவிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டோர்ல நீ என்னதான் செஞ்ச?"

கல்யாணமாகிப் பதினாறு வருடம். வேலை எப்படி என்று கேட்பார், ஓடுச்சு என்பாள், அத்தோடு சரி. இப்போது சொன்னாள். அவள் சேர்ந்தபோது ஒரு இணைப்பைத் தேடி எடுக்க அரை நாள் ஆகும், அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும். அளவுப்படி அடுக்கியிருந்ததை மாற்றி, எவையெவை சேர்ந்து வெளியே போகின்றனவோ அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். தேடுகிற நேரம் பத்து நிமிடமாகக் குறைந்தது. கடைசி இரண்டு வருடம் இருப்புச் சரிபார்ப்பில் ஒரு உருப்படிகூடக் குறைந்ததில்லை.

"நீயா செஞ்ச?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரி."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார். 'கடின உழைப்பாளி' இருந்த இடத்தில் அந்தப் 'பத்து நிமிடம்' வந்து உட்கார்ந்தது. விளம்பரத்தில் அவர்கள் வேலையை எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ அதே சொல்லை நாமும் போட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் ஒவ்வொரு விளம்பரமாக அவள் வாசிக்க, அவர் சொற்களை மாற்றினார். கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்புவதையும் விட்டாள். போன மாதம் ஒரு நடனப் பள்ளி வரவேற்பாளர் வேலைக்குக்கூடப் போட்டிருந்தாள் என்பதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்த வாரம் ஒன்பது மட்டும் அனுப்பினார்கள்.

எட்டாம் நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அவள் போன் அடித்தது. மருந்துக் கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு பெண் குரல்.

"ரேக்கை மாத்தி அடுக்கினேன்னு போட்டிருக்கீங்களே மேடம், அதை எப்படிச் செஞ்சீங்க?"

யாரோ படித்திருக்கிறார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள், ஆரம்பித்தபின் நிற்கவில்லை. போனில் தெரியாது என்பதையே மறந்து சாப்பாட்டு மேஜையில் இருந்த உப்பு ஜாடி, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக நகர்த்திக் காட்ட ஆரம்பித்தாள். "இது அதிகமா போறது, வாசல் பக்கம். இது இதோட சேர்ந்து போறது, ஒட்டி வரணும்" என்றவள், அடுத்ததற்கு மேஜையில் ஒன்றும் மிச்சமில்லாமல் கையால் துழாவினாள். போனில் பேசுவது நன்றாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த அவர், கையிலிருந்த டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.