இடுக்கு விடாத கேட்

தனசேகரனுக்கு இடுக்குகள் ஆகாது. வெள்ளிமலைக்கு மாற்றலாகி வருவதற்கு முன் அவர் இருந்த அலுவலகத்தில், கேட்டின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. மனுக் கொடுக்க வந்தவர்கள் அதில் கண்ணை வைத்துப் பார்த்து, "உள்ளதான் கீறாரு, பேப்பர் படிச்சிக்கினு" என்று பின்னால் நிற்பவர்களுக்கும் சொல்லிவிடுவார்கள். மூன்று வருடங்களாக அவரால் ஒருநாள்கூட நிம்மதியாக வெளியே போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அதனால் வெள்ளிமலையில் அவருடைய துறைக்குப் புதிய கிளை அலுவலகம் எழுந்தபோது, அவர் கவனித்ததெல்லாம் கேட்டை மட்டும்தான். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். எந்தத் துறையானாலும் கேட் இப்படித்தான் இருந்திருக்கும்.

கருணாபுரத்திலிருந்து வெல்டர் கலையரசன் டிசம்பர் மாதம் இரண்டு பெரிய இரும்புத் தகட்டுக் கதவுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையேறினான். பனி விலகாத காலையில் பொருத்தும்போது நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு அளவு வைத்தான். தனசேகரன் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து குனிந்து பார்த்தார்.

"இது இன்னாப்பா சந்து?"

"வெயில் காலத்துல இரும்பு நீளும் சார். கொஞ்சம் எடம் வுட்டாதான் தொறந்து மூட வரும்."

"இது மலைப்பா. பாரு, வாயத் தொறந்தா புகை வருது. இங்க எங்கேர்ந்து வெயில்?"

"மே மாசம் இங்கயும் வரும் சார். கறுப்பு பெயிண்டு வேற அடிக்கச் சொல்லிக்கிறீங்க. சூடு ஜாஸ்தியா இழுக்கும்."

"வேலை சுத்தமா வராதுன்னா வராதுன்னு சொல்லிடு. இரும்பு மேல பழி போடாத."

கலையரசன் சொன்னபடியே பொருத்தினான். இரண்டு கதவுகளும் சேர்ந்தபோது நடுவில் ஒரு தபால் கார்டுகூட நுழையவில்லை. தனசேகரன் தன் அடையாள அட்டையைச் செருகிப் பார்த்துச் சோதித்து, திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். கூடவே சுற்றுச்சுவரை இன்னும் இரண்டடி உயர்த்திக் கண்ணாடிச் சில்லும் பதிக்கச் சொன்னார்.

பிப்ரவரி வரை அவர் ராஜாவாக இருந்தார். காலை பத்தரைக்குக் கேட் சாத்தப்படும். வெளியே காவலாளி மாயவன் நின்றுகொண்டு, "சார் மீட்டிங் போயிக்கிறாரு" என்பான். உள்ளே சார் பேப்பர் படிப்பார். இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் இருக்கும் வீட்டுக்கு மலையிறங்கிவிடுவார்.

மார்ச் கடைசியில் ஒருநாள் இரண்டு மணிக்குக் கேட் திறக்கவில்லை. மாயவன் வெளியிலிருந்து தள்ளினான். தனசேகரன் உள்ளிருந்து இழுத்தார். பிடித்த கை சுட்டதுதான் மிச்சம். ஐந்தரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கேட் தானாகவே நெகிழ்ந்து கொடுத்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தத் துறையின் வரலாற்றில் ஓர் அதிகாரி தொடர்ந்து ஐந்தரை மணி வரை அலுவலகத்தில் இருந்தது அந்த வாரத்தில்தான்.

"தெறந்தே வச்சிட்டா இன்னா சார்?" என்று மாயவன் கேட்டான்.

கூரையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல தனசேகரன் அவனைப் பார்த்தார்.

இது எவனோ செய்கிற சதி என்று அவர் முடிவு கட்டினார். ஏப்ரலில் அதற்கு ஆதாரமும் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் விடிகாலையில் கல் போல இறுக்கமாகக் காற்றடித்துக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம், அலுவலக முற்றத்தில் நடுப்பகல் வெயிலில் நின்றபடியே டமாலென்று வெடித்தது. டயர் தேய்ந்துபோய் ஒரு வருடம் ஆகிறது, உள்ளே காற்று சூடேறிப் பெருத்தால் அது தாங்காது என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். வெடித்த சமயத்தில் கேட் இறுகிப் பூட்டிக் கிடந்தது, ஓர் ஆள்கூட உள்ளே வந்திருக்க முடியாது. ஆனாலும் தனசேகரன் அடையாளம் தெரியாத நபர்கள் மீது புகார் எழுதினார்.

கேட்டைப் பற்றிக் கோட்ட அலுவலகத்துக்கும் எழுதினார். பொறியாளர் இளமாறன் கள்ளக்குறிச்சியிலிருந்து ஜீப்பில் வந்தார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் காலை ஏழரைக்கே வந்துவிட்டார். மலைக்காற்று சில்லென்றிருந்தது. ஒரே விரலால் கேட்டைத் தள்ளினார். அது வெண்ணெய் போலத் திறந்தது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டு எட்டு மணிக்கு இறங்கிப் போனார்.

தனசேகரன் மறுபடி எழுதினார். இளமாறன் மறுபடி ஏழரைக்கு வந்தார். "மத்தியானம் வரைக்கும் இருந்து பாருங்க சார்" என்று கெஞ்சியதற்கு, "மத்தியானம் வெயிலா இருக்குமே" என்றார். மூன்றாவது தடவையும் ஏழரைக்கே வந்துபோய் எழுதிய அறிக்கையின் கடைசியில், கிளை அலுவலருக்குச் சில நாள் ஓய்வு தேவைப்படலாம் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

மே மாதம் வீடு கட்டும் திட்டத்துக்கு மனுக்கள் வாங்கினார்கள். கிளை அலுவலர் கையெழுத்திட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குள் ஐந்து தடவை வந்து, ஐந்து தடவையும் 'மீட்டிங்' கேட்டுத் திரும்பிப் போயிருந்த இருபத்து மூன்று பேர், கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள் ராஜாம்பாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஆறு மாதம் காட்டு வேலை, ஆறு மாதம் பெங்களூரில் கட்டட வேலை. போன மழையில் அவள் வீட்டுக் கூரை பாதி போய்விட்டது.

"சார் மீட்டிங்" என்று மாயவன் ஆரம்பித்தான். அதற்குள் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "மாயவா, மின்சாரம் போயிடுச்சுடா, உள்ள வேகுது" என்று குரல் வந்தது. மாயவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

ராஜாம்பாள் கேட்டருகே போனாள். "சார், நாங்க மனு கொண்டாந்துக்கிறோம். இன்னியோட கடைசி."

"கேட் தொறக்காதும்மா. அஞ்சரைக்கு மேல வாங்க."

"அஞ்சு மணிக்கு முடிஞ்சிடுமே சார். சந்து வழியா நீட்டட்டா?"

சந்து எங்கே இருக்கிறது? தாளைச் செருகப் பார்த்தாள். முடியவில்லை. விரல் பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தோசைக்கல்லு கணக்கா காயுது. தகடு பூரிச்சிக்கினு நிக்கிது சார். தண்ணி ஊத்தினா சுருங்கும். பெங்களூர்ல சென்ட்ரிங் தகடு இப்பிடி மாட்டிக்கினா அதான் பண்ணுவோம்."

"அரசு சொத்து மேல தண்ணி ஊத்தக் கூடாது. துருப் புடிக்கும்."

"சரிங்க சார்" என்று ராஜாம்பாள் எதிரே இருந்த புளியமர நிழலில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே தனசேகரனுக்கு நிழல் இருந்தது, காற்று இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி அசையாமல் தொங்கியது. கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் கஷாயம் போலச் சுட்டது. சட்டையைக் கழற்றினார். பனியனையும் கழற்றினார். ஒன்றேகால் மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"யாரும்மா அங்க? ஊத்துங்க" என்றார்.

தெருக்குழாயிலிருந்து கேட் வரை வரிசை கட்டி நின்றார்கள். குடம் கை மாறி வந்தது. முதல் நாலைந்து குடம் ஊற்றியபோது பட்ட இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. பத்தாவது குடத்துக்கு மேல் கறுப்புத் தகட்டில் ஈரம் தங்கியது. பதினைந்தாவது குடத்தில் கேட் கிறீச்சென்று முனகியது. நாலு பேர் தோள் கொடுத்தார்கள். திறந்துகொண்டது.

தனசேகரன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பக்கம் நடந்தார். "எனக்கு ஒடம்பு சரியில்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பாக்குறேன்."

ராஜாம்பாள் அவரை மறிக்கவில்லை. எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று திரும்பி ஒருமுறை எண்ணினாள். பிறகு இரண்டு கதவுகளையும் சேர்த்து, இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அழுத்திச் சாத்தினாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பத்தரைக்கு மேல கேட் சாத்தி இருக்கணும்னு நீங்க போட்ட ஆர்டராம். மாயவன் சொல்வாரு."

அவர் வண்டிச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் தகடு மறுபடி காய்ந்து பூரித்துவிட்டது, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தனசேகரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டை இழுத்தார். சுட்டது. அசையவில்லை.

"தண்ணி ஊத்தினா தொறக்கும்னியே."

"துருப் புடிக்கும் சார்" என்றாள் ராஜாம்பாள். குரலில் கேலி துளியும் இல்லை. "நீங்க ஒக்காருங்க. நாங்க விசிறுறோம்."

உட்கார்ந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் பழைய கோப்பு அட்டையால் விசிறினார்கள், ஒருத்தி மடியில் பத்திரப்படுத்திக் கொண்டுவந்திருந்த மோரைக் கொடுத்தாள். அவர் குடித்தார். மூன்று மணி வரை ஒவ்வொரு மனுவிலும் ஏதாவது குறை தேடினார். ஆனால் குறை சொன்னால் எழுந்துபோக இடமில்லை, சொல்லப்பட்டவர்களும் எதிரிலேயே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்கள். நாலே முக்காலுக்கு இருபத்து மூன்றாவது மனுவில் கையெழுத்துப் போட்டு முடித்தார். பதிவேட்டில் ராஜாம்பாள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். வெயில் இறங்கியதும் எல்லாரும் ஒன்றாகவே வெளியே போனார்கள்.

இரண்டு வாரத்தில் கோட்டத்திலிருந்து தனசேகரனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கிளை திறந்ததிலிருந்து ஐந்து மாதங்களில் மொத்தம் நான்கு மனுக்களே தீர்க்கப்பட்டிருக்க, ஒரே பிற்பகலில் இருபத்து மூன்று தீர்க்கப்பட்டது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்றிருந்தது. தனசேகரன் இரண்டு நாள் யோசித்தார். எதை எழுதினாலும் பொய் போல இருந்தது. கடைசியில், 'வெப்பத்தின் காரணமாக' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அந்தப் பதிலை யாரும் படிக்கவில்லை, கோப்பில் சேர்ந்துவிட்டது.

ஜூலையில் ஆணை வந்தது. பத்தொன்பது பேருக்கு வீடு. நான்கு பேருக்கு இல்லை. பெயரில், ஆதாரில் ஒரு எழுத்து, மனுவில் வேறு எழுத்து. ராஜாம்பாள் பெயர் பத்தொன்பதில் இருந்தது. அவள் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டிவிட்டதாக மாயவன் வந்து சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை தூறலில், அவள் அந்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஏறிவருவதைத் தனசேகரன் ஜன்னலிலிருந்து பார்த்தார். மணி ஒன்பதே முக்கால்.

"மீட்டிங்னு சொல்லட்டா சார்?" என்றான் மாயவன்.

தனசேகரன் பேனா மூடியைக் கழற்றினார். "அவகிட்ட அது எடுபடாதுப்பா. அஞ்சு நாற்காலி கொண்டாந்து போடு."